இரண்டாம் மாடியில் ஒரு பசு

சாரம் பகுதிக்கு வந்து 'மாட்டுக்காரம்மா வீடு எது' என்று கேட்டால் போதும், யாராவது ஒருவர் கூடவே வந்து சந்துமுனை வரை விட்டுவிட்டுப் போவார். பாக்யலட்சுமி என்ற பெயர் ஆதார் அட்டையில் இருந்ததோடு சரி. அவளுக்கு மாடு ஒன்று, கன்று ஒன்று. பால் ஊற்றுவது அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மட்டும். பிழைப்பு பாலில் இல்லை. புது வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைக்கப் பசுவும் கன்றும் வேண்டும் அல்லவா, அதுதான் அவள் தொழில். முகூர்த்த நாள் வந்தால் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் சலங்கை கட்டி, முதலியார்பேட்டையோ லாஸ்பேட்டையோ, எங்கே ஷாமியானா போட்டிருக்கிறதோ அங்கே நடந்தே போய்விடுவாள்.

முன்பெல்லாம் தனி வீடுகள். மாடு உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிடும். இப்போது ஊரில் கட்டுவதெல்லாம் அடுக்குமாடி. மற்ற மாட்டுக்காரர்கள், 'கீழ் வீடுன்னா வர்றோம், மாடின்னா ஆள விடுங்க' என்று கும்பிடு போட்டுவிட்டார்கள். கிரானைட் படியில் மாடு வழுக்கிக் காலொடிந்தால் யார் பதில் சொல்வது? பாக்யலட்சுமியின் மாடு மட்டும் ஏறியது. நெற்றியில் வெள்ளை விழுந்த அந்தச் செவலைப் பசுவுக்குப் பொட்டு என்று பெயர். முன்னால் அகத்திக்கீரைக் கட்டை நீட்டிக்கொண்டு அவள் ஏறினால், பின்னால் பொட்டு கல்யாணப் பெண் மாதிரி படி படியாகப் பார்த்துக் கால் வைத்து ஏறும். ஹோமப் புகைக்கு மிரளாது, மேளத்துக்கு மிரளாது. போட்டோக்காரர் முகத்துக்கு நேரே விளக்கடித்தாலும் அசையாது. போதாததற்கு நடுக்கூடத்தில் நின்று, எல்லோரும் பார்க்க, கோமியமும் விட்டுவிடும். அது நடந்துவிட்டால் வீட்டுக்காரர்களுக்கு வந்த காரியம் முடிந்த மாதிரி. 'அந்தம்மா மாட்டுக்கு ட்ரெய்னிங் குடுத்து வச்சிருக்கு' என்று பொறாமைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். கிளம்பும் முன் தவிட்டுத் தண்ணீரை வயிறு முட்டக் காட்டுவாள், அவ்வளவுதான் ட்ரெய்னிங்.

அந்தப் பொட்டு தை மாதத்தில் இருமத் தொடங்கியது.

வைக்கோல் தூசி என்று நினைத்தாள். தையில் முகூர்த்தங்கள் நெருக்கி வந்ததால் பனியில் அலைந்த சளி என்றும் நினைத்தாள். மிளகும் வெற்றிலையும் இடித்துக் கொடுத்தாள். மாசி, பங்குனியில் யாரும் வீடு குடிபோக மாட்டார்கள் என்பதால் மாட்டுக்கு ஓய்வு கிடைத்தது. ஆனாலும் இருமல் போகவில்லை. தின்பதெல்லாம் எங்கே போகிறதென்று தெரியாமல் விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. பிறகுதான் கால்நடை மருத்துவர் நிர்மலாவைக் கூப்பிட்டாள்.

நிர்மலா சின்ன வயது. வண்டியை விட்டு இறங்கும்போதே முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் இறங்கினாள். மாட்டின் கழுத்தில் இரண்டு இடத்தில் முடியை மழித்து, தோலுக்குள் ஊசி போட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது ஒரு இடம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. தோலைக் கவ்வி அளக்கும் கருவியை வைத்து இரண்டு முறை அளந்தாள்.

"அக்கா, மொதல்ல உக்காருங்க."

"நின்னுக்கிட்டே கேக்குறேன், சொல்லுங்க டாக்டரம்மா."

"மாட்டுக்கு டிபி இருக்கு."

"மாட்டுக்கு ஏது டிபி? அது மனுசருக்கு வர்றதாச்சே."

"அதோட பங்காளி மாதிரி இது. மாட்டுலருந்து மாட்டுக்கு வரும், மாட்டுலருந்து மனுஷனுக்கு வரும். பால்ல வரும், கிட்டக்க நின்னா மூச்சுல வரும். கன்ன இன்னிக்கே பிரிச்சிடுங்க. பால் ஊத்துறத நிறுத்திடுங்க. இத்தினி நாளு வாங்குனவங்க காய்ச்சிதான குடிச்சிருப்பாங்க?"

"பொங்கப் பொங்கக் காய்ச்சுவாங்க."

"அது நல்லது. பச்சையா மட்டும் யாரும் குடிக்கவே கூடாது. கொழந்தைங்கள கொட்டாப் பக்கம் விடாதீங்க. நீங்களும் உங்க வீட்டுக்காரரும் ஆசுபத்திரியில சளி பரிசோதன பண்ணிக்கங்க. மனுஷங்களுக்கு இருந்து மாட்டுக்கு ஒட்டுறதும் உண்டு."

உள்ளேயிருந்து சுப்பராயன் இருமினான். மில்லில் நூல் பிரிவில் இருந்தவன், மில் மூடிய பிறகு துணிக்கடை வாசலில் காவலுக்கு நிற்கிறான். பஞ்சு தின்ற நெஞ்சு, இருபது வருடமாக இருமுகிறது. டாக்டர் சொன்னது அவன் காதில் சுருக்கென்று விழுந்திருக்க வேண்டும், வெளியே வந்துவிட்டான்.

"நான் மாட்டுக்குக் குடுத்தேன்னு சொல்றீங்களா டாக்டரம்மா? இது மில்லு இருமலு. கம்பெனி குடுத்தது."

"உங்கள சொல்லலண்ணா. பாத்துடுறது நல்லதுன்றேன்."

"மாட்டுக்கு மருந்து?" என்று பாக்யலட்சுமி கேட்டாள்.

நிர்மலா அளக்கும் கருவியைப் பைக்குள் வைத்தாள். "மாட்டுக்கு அந்த மருந்து குடுக்கக் கூடாதுக்கா. முழுசா கேக்காது. அரைகுறையாக் குடுத்தா, நாளைக்கு மனுஷங்களுக்கே அந்த மருந்து வேல செய்யாமப் போயிடும். வெளிநாட்டுலன்னா கொன்னு பொதச்சிடுவாங்க. இங்க அத யார் செய்வா, எப்பிடிச் செய்வா? தனியாக் கட்டி வச்சுக்கங்க. விக்காதீங்க. வேற எங்கயும் கொண்டு போவாதீங்க."

"எவ்ளோ நாளைக்கு?"

"அது இருக்குற வரைக்கும்."

தனியாக என்றால் எங்கே? அந்த வீட்டில் இருப்பது ஒரு அறை, ஒரு சமையல் மூலை, அறைச் சுவரோடு ஒட்டித் தகரம் இறக்கிய கொட்டாய். படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் பொட்டு அசைபோடுவது கேட்கும். பாயை எதிர்ச்சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டார்கள். கன்றை நெல்லித்தோப்பில் இருந்த தங்கை வீட்டுக்கு அனுப்பி, பூத் பாலைக் காய்ச்சி ஆற்றிப் புட்டியில் புகட்டச் சொன்னாள். பொட்டு இரண்டு நாள் கத்தியது. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

கோசாலை ஒன்றில் போய்க் கேட்டாள். அங்கே நூறு மாடுகள் இருந்தன. நோய் மாட்டை எப்படிச் சேர்ப்பார்கள்? அவர்கள் சொன்ன நியாயம் அவளுக்கே புரிந்தது. தரகர் ஜானகிராமன் மட்டும் விஷயம் கேள்விப்பட்டுத் தானாகவே வந்தார்.

"எதுக்கும்மா மண்டய ஒடச்சிக்கிற? விழுப்புரத்துக்கு அந்தாண்ட சந்தையில எறக்கிடுறேன். மாட்டு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு?"

"வாங்குறவன் வீட்ல புள்ளைங்க இருக்குமே."

"எல்லா வீட்லயுந்தான் புள்ளைங்க இருக்கு. அதுக்கின்னு யாவாரத்த நிறுத்திடுறதா?"

"நீ கெளம்பு."

"போறேன். கொட்டாய்க்குள்ள வச்சிப் பூச பண்ணு."

அவர் போன பிறகு கொட்டாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விற்கவும் முடியாது, கொல்லவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. தீனி மட்டும் தினமும் போட வேண்டும். கதவு எதுவும் பூட்டவில்லை, ஆனால் மாடும் அவளும் ஒரே கட்டுத்தறியில் நின்றார்கள்.

சளிப் பரிசோதனையில் அவளுக்கும் சுப்பராயனுக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. சுப்பராயன் தெருவில் இருந்த ஒருவர் விடாமல் சொல்லி வந்தான். "நான் சொன்னேன்ல, மில்லு இருமல் மில்லு இருமல்தான்." அந்த நல்ல சேதிதான் பாக்யலட்சுமியைத் தப்பாக யோசிக்க வைத்தது. மூக்கோடு மூக்கு வைத்து வளர்த்த நமக்கே ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் வந்து போகிற வீட்டுக்கு என்ன ஆகிவிடும்?

அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் சித்திரை பிறந்தது. வழக்கமாகக் கூப்பிடுகிற ஐயர் போன் செய்தார்.

"பாக்கியம், ரெட்டியார்பாளையத்துல ஒரு கிரகப்பிரவேசம். இரண்டாம் மாடி. உன் மாட்டை விட்டா வேற நாதி இல்ல. அவாளே உன் மாடுதான் வேணும்னு கேக்கறா, வீடியோல பாத்தாளாம்."

"சாமி, மாடு கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஐயருக்குச் சொன்னால் ஐயர்மார் எல்லோருக்கும் சொன்ன மாதிரி. நாளைக்கே வேறு மாடு வாங்கினாலும், 'டிபி மாட்டுக்காரி' என்ற பெயர் இந்த ஊரில் அவளை விட்டுப் போகாது. நல்ல காரியத்துக்கு யாரும் அவளை வாசல்படி மிதிக்க விட மாட்டார்கள்.

"கொஞ்சம் எளச்சிருக்கு சாமி. வந்துடுறேன்."

போனை வைத்த கையோடு தையல் மெஷின் முன் உட்கார்ந்தாள். மாட்டின் வாய் மூக்கு முழுக்க மூடுகிற மாதிரி, நாலு மடிப்புத் துணியில் ஒரு உறை தைத்தாள். வெளிப்பக்கம் மஞ்சள் பட்டு. அதில் சின்னச் சின்னக் கண்ணாடி வட்டங்கள், ஓரத்தில் ஜரிகை, தொங்கலுக்குக் குஞ்சம். சுப்பராயன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னா இது, மாட்டுக்கு மாஸ்க்கா?"

"சோடனை."

"டாக்டரம்மா எங்கயும் இட்டுனு போவாதேன்னு சொல்லிச்சே."

"வாயத்தான் கட்டிட்டேனே. மூச்சு எங்கருந்து வெளிய வரும்?"

"மூச்சு வெளிய வரலன்னா மாடு செத்துப்பூடும் பாக்கியம்."

"அபசகுனமாப் பேசாதீங்க. போய் கடைக்குக் கெளம்புற வேலயப் பாருங்க."

முகூர்த்தத்தன்று காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கன்று வேண்டுமே என்று பக்கத்துத் தெரு துர்காவின் கன்றை இரவல் வாங்கியிருந்தாள். வழியெல்லாம் அதைப் பொட்டுவுக்கு வெகுதூரம் முன்னால் விட்டே ஓட்டினாள். அடுக்குமாடியின் கார் நிறுத்தும் இடத்துத் தூணில் அதைக் கட்டிவிட்டு, "கன்னு படி ஏறாது சாமி, இங்கயே இருக்கட்டும்" என்றாள். ஐயர் முகம் சுளித்தார். பிறகு பொட்டுவின் வாயுறையைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார்.

"பேஷ், புதுசா இருக்கே! இதுக்கு ஏதாவது ஐதீகம் உண்டா?"

"அழகுக்குத்தான் சாமி."

வீட்டுக்காரர் விக்ரம், மனைவி கவிநிலா. அவள் இடுப்பில் ஆறு மாதக் குழந்தை அபி. சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு செல்போனோடு மாட்டைச் சுற்றிக்கொண்டார்கள். "செம க்யூட்டு இல்ல!" என்று ஒரு பெண் உறையோடு கன்னம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். பாக்யலட்சுமி கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள். "மாடு முட்டும், எட்ட நில்லும்மா." பொட்டு பிறந்ததிலிருந்து யாரையும் முட்டியதில்லை.

படி ஏறியது. பழைய மாதிரி இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, விலா ஒடுங்கி ஒடுங்கி விரிய மூச்சு வாங்கியது. பட்டு உறை உள்ளே ஒட்டி வெளியே உப்பியது. பின்னால் வந்தவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

கூடத்துக்குள் பெயின்ட் வாசனை. பால்கனிக் கதவு வழியே வந்த காற்றில் குத்துவிளக்கு அணைந்து அணைந்து போனதால், "அந்தக் கதவச் சாத்துங்கப்பா" என்று கவிநிலாவின் அம்மா செந்தமிழ்ச்செல்வி சொன்னாள். யாரோ சாத்தினார்கள். இன்னொருவர் ஏசியைப் போட்டார். ஜன்னல்கள் முன்பே மூடியிருந்தன. பத்துப் பதினைந்து பேர், ஒரு மாடு, மூடிய அறை. பாக்யலட்சுமிக்கு வேர்க்க ஆரம்பித்தது. சீக்கிரம் முடியட்டும், சீக்கிரம் முடியட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வாசற்பக்கம் பார்த்தாள். அங்கேயும் ஆட்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

பொட்டு இருமியது. உறைக்குள் அடங்கிய இருமல், தலையணைக்குள் யாரோ இருமுவது மாதிரி.

"பாத்தியா, மாடு கூட தொண்டையக் கனச்சிக்கிட்டு ஆசீர்வாதம் பண்ணுது" என்றார் ஒரு பெரியப்பா. கூடமே சிரித்தது.

ஐயர் மாட்டுக்குக் குங்குமம் வைத்தார், மாலை போட்டார். அரிசியும் வெல்லமும் பிசைந்த தட்டை நீட்டினார்.

"உறையை அவுரும்மா. சாப்பிடட்டும்."

"வீட்லயே வயிறு நெறயக் காட்டிட்டேன் சாமி. தின்னாது."

"ஒரு வாய் திங்கணும். சம்பிரதாயம்."

"தட்ட நான் எடுத்துப் போயி கீழ வச்சிக் குடுத்துடுறேன்."

ஐயர் விட்டுவிட்டார். அவளுக்குப் போன உயிர் வந்தது. அதற்குள் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

"குழந்தை தகப்பன் நட்சத்திரத்துல பிறந்திருக்கான். அதுக்கு ஒரு சின்ன சாந்தி. பெருசா ஒண்ணுமில்ல. குழந்தையை முறத்துல கிடத்தி, பசு முகத்துகிட்ட காட்டணும். பசு மோந்து பாக்கணும். அது மூச்சு குழந்தை மேல பட்டா, அதுகிட்டேயிருந்தே திரும்பப் பிறந்த மாதிரி. தோஷம் போயிடும். உறையைக் கழட்டு பாக்கியம்."

செந்தமிழ்ச்செல்வி முறத்தில் பட்டுத்துணி விரித்தாள். கவிநிலா குழந்தையைப் படுக்க வைத்தாள். குழந்தை கண்ணாடி வட்டங்களைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தது.

பாக்யலட்சுமியின் கை உறையின் முடிச்சு மேல் இருந்தது. அவிழ்க்கவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னாம்மா, முடிச்சு விழுந்துருச்சா? நான் அவுக்குறேன்" என்று விக்ரம் முன்னால் வந்தான்.

"தொடாதீங்க."

"இல்ல, நான்..."

"தொடாதீங்க தம்பி. புள்ளையத் தூக்குங்க. மொதல்ல புள்ளையத் தூக்குங்கம்மா!" தன் குரல் இவ்வளவு பெரிதென்று அவளுக்கே தெரியாது. "மாட்டுக்கு டிபி. மூச்சுல ஒட்டும்."



"மாட்டுக்கு எப்பிடி டிபி வரும்?" என்று பெரியப்பா கேட்டார். அதற்குள் கவிநிலா முறத்திலிருந்து குழந்தையை வாரி எடுத்து மார்போடு அழுத்திக்கொண்டு கதவை நோக்கி ஓடினாள். அவள் ஓடியதும் எல்லோரும் ஓடினார்கள். லிப்டுக்கு முன் தள்ளுமுள்ளு. ஒருவர் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு படியில் இறங்கினார். மாட்டோடு படம் எடுத்த பெண் முந்தானையால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே போனாள்.

விக்ரம் மட்டும் வாசலில் நின்றான். "தெரிஞ்சே கூட்டியாந்தியா?"

"தெரிஞ்சுதான் தம்பி."

"நீயெல்லாம் மனுஷியா?"

அவன் இன்னும் ஏதேதோ சொன்னான். கை ஓங்கப் போனவன், கையை என்ன செய்வதென்று தெரியாமல் கதவில் குத்தினான். பிறகு அவனும் கீழே போய்விட்டான்.

பால்கனிக் கதவையும் ஜன்னல்களையும் அவள்தான் திறந்தாள். ஏசியை எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை. ஹோம குண்டத்தில் நெருப்பு தானாக எரிந்துகொண்டிருந்தது. பொட்டுவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். படி முனையில் வந்ததும் பொட்டு நின்றுவிட்டது.

மாடு ஏறுகிற மாதிரி இறங்காது. ஏறும்போது அதன் கண்ணுக்கு முன்னால் படி இருக்கிறது, இறங்கும்போது பள்ளம்தான் தெரிகிறது. மற்ற வீடுகளில் இறங்கும் நேரம் வந்தால் கன்றை முன்னால் விடுவாள். அது ஒரு படி தாண்டித் தாண்டி இறங்கிக் கத்தும், தாய்க்காரி வேறெதையும் யோசிக்காமல் பின்னாலேயே போய்விடும். இன்று அந்தக் கன்று நெல்லித்தோப்பில் இருக்கிறது. கீழே தூணில் கட்டியிருக்கிற துர்காவின் கன்று தொண்டை கிழியக் கத்தியது. பொட்டு காதைக்கூட அசைக்கவில்லை. யார் பிள்ளையோ கத்துகிறது.

இழுத்துப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். அகத்திக்கீரையைக் காட்டிப் பார்த்தாள். வாய் கட்டியிருக்கிற மாட்டுக்குக் கீரை எதற்கு? உறையை அவிழ்க்கவும் பயம். முன்னால் போனால் படி, பின்னால் போனால் அந்த வீடு. படிக்கட்டின் நடுப்பள்ளம் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தால் முகங்கள் மேலே பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

"எறக்கும்மா!" என்று யாரோ கத்தினார்கள்.

"பயர் சர்வீசுக்கு போன் போடுங்கப்பா, கிரேன் வச்சு எறக்கட்டும்."

"கிரேன் வந்தா பேப்பர்ல வரும்டா. கீழ் வீடு இன்னும் விக்கல."

சுப்பராயனுக்குப் போன் செய்தாள். பாதி சொல்லும்போதே அவன் கிளம்பிவிட்ட சத்தம் கேட்டது.

"நெல்லித்தோப்புக்குப் போயி கன்ன எடுத்தாந்துடுறேன். ஆட்டோவுல வச்சி பத்தே நிமிசம்."

"வேணாம்."

"அது வந்தாத்தான் எறங்கும். உனக்குத் தெரியாதா?"

"அதுக்கு ஒண்ணுமில்லன்னு இப்போதைக்கு டாக்டரம்மா சொல்லியிருக்கு. திரும்ப ஆயிகிட்ட வுட்டா ஓடி வந்து மடியிலதான் முட்டும்."

"ஒரு நிமிசந்தான பாக்கியம்."

"ஒரு மணி நேரந்தானன்னுதான் நானும் இட்டாந்தேன். போன வைங்க."

படியில் உட்கார்ந்துவிட்டாள். பொட்டுவின் முகம் அவள் தோளுக்கு மேலே இருந்தது. ஈரமான பட்டு உறை அவள் கழுத்தில் உரசியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. கீழே சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. சாப்பாட்டுப் பந்தியை அடுத்த தெரு மண்டபத்துக்கு மாற்றிவிட்டதாக யாரோ அறிவித்தார்கள்.

ஏதோ பொத்தென்று விழும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். கவிநிலா. புடவைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டு, முதல் மாடி வீடுகளின் வாசலில் கிடந்த தேங்காய்நார் மிதியடிகளை எல்லாம் வாரிக்கொண்டு வந்து, ஒரு படிக்கு ஒன்றாக விரித்துக்கொண்டிருந்தாள்.

"வழுக்குறதுனாலதான எறங்கல?" என்றாள் நிமிராமல்.

"அதுவும் ஒண்ணு."

"கீழ் வீடுங்கள்ல இன்னும் இருக்கு. எடுத்தாரேன்."

"புள்ள?"

"அம்மாகிட்ட இருக்கான்." கவிநிலா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "நீங்க எம்புள்ளையக் காப்பாத்திட்டீங்கன்னு இதப் பண்ணல. மாடு எங்க வீட்ட விட்டுப் போவணும். அதுக்குத்தான்."

"சரிம்மா."

கவிநிலா அந்தப் படிகளை மூடிவிட்டு எட்டப் போய் நின்றுகொண்டாள். பாக்யலட்சுமி மாட்டின் முன்பக்கம் வந்து, படிக்கு முதுகைக் காட்டி நின்றாள். பள்ளம் தெரியாதபடி தன் உடம்பாலும் முந்தானையாலும் மறைத்துக்கொண்டாள். குனிந்து முன்னங்காலைக் கையால் தூக்கி மிதியடி மேல் வைத்தாள். பிறகு மறுகால். பொட்டு நடுங்கியது. தன் எடை முழுவதையும் அவள் தோளில் சாய்த்தது. "வா தாயி. வா. நான் இருக்குறேன், வா." ஒரு படி. அவள் பின்பக்கமாகக் காலால் துழாவி அடுத்த படிக்கு இறங்கினாள். இருமல் வந்தது, உறையில்லாத அவள் முகத்துக்கு நேராக. அவள் முகத்தைத் திருப்பவில்லை, திருப்பினால் பிடி விட்டுப்போகும். திருப்பத்தில் மாட்டை நிறுத்திவிட்டு, தாண்டிய மிதியடிகளை அவளே எடுத்து அடுத்த படிகளில் போட்டாள். "தூரமா நில்லும்மா" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கவிநிலாவிடம் சொன்னாள். அவளும் ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு சுற்று கீழே இறங்கி நின்றாள்.

தரைக்கு வந்தபோது பாக்யலட்சுமியின் ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது.

மாட்டை மதிலுக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டினாள். ஐயர் ஒரு ஓரமாக விக்ரமிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வீட்டை சுத்தி பண்ணிடலாம், கவலைப்படாதீங்கோ. புண்யாகவாசனம் பண்ணி, கோமியம் தெளிச்சு..." அந்த இடத்தில் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார். "கங்கா ஜலமே போதும்."

கவிநிலா மாட்டு டாக்டரின் போன் எண் கேட்டாள். பாக்யலட்சுமி கொடுத்தாள். நிர்மலாவின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவள் முதலில் தாயிடம் பேசினாள்.

"கொஞ்ச நேரந்தான் இருந்திருக்கு, வாயும் மூடியிருந்துச்சுன்றீங்க. பயம் கம்மிதான். இல்லவே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். கொழந்தைய டாக்டர்கிட்ட காட்டி இந்த விஷயத்தச் சொல்லுங்க. மத்தவங்களும் நாலஞ்சு மாசத்துக்கு இருமல், காய்ச்சல், எளைப்பு வந்தா விடாமப் போய் பாக்கணும். அக்கா அங்க இருக்காங்களா?"

"இருக்கேன் டாக்டரம்மா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். நிர்மலா திட்டவில்லை. வேறொன்று கேட்டாள். "தையில மாடு இருமிச்சுன்னு சொன்னீங்கல்ல? தையில எத்தினி வீட்டுக்குப் போனீங்க?"

பாக்யலட்சுமி எண்ணிப் பார்த்தாள். முகூர்த்தங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. நெல்லித்தோப்பு. லாஸ்பேட்டையில் இரண்டு. ஒரு வீட்டில் வயதானவர் கட்டிலில் படுத்தபடியே பொட்டுவின் முகத்தை இழுத்து முத்தம் கொடுத்தார். இன்னொரு வீட்டில் குழந்தைகள் கன்றோடு விளையாடினார்கள். அப்போது அவளுக்கு எதுவும் தெரியாது. அது உண்மை. ஆனால் இப்போது தெரியும்.

"அவங்க யாருக்கும் சொல்லலியே நீங்க?"

"சொல்லல."

"சொல்லணும்க்கா. வேற யாருக்கும் அந்த வீடுங்க தெரியாது."

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஒரு வீட்டில் நடந்ததை ஊர் மறந்தாலும் மறக்கலாம். வீடு வீடாகப் போய்த் தானே சொன்னால் இனி எந்தக் காலத்திலும் இந்தத் தொழில் இல்லை. அன்று சாயங்காலம் வரை கொட்டாய் வாசலில் உட்கார்ந்திருந்தாள். சுப்பராயன் டீ வாங்கி வந்து வைத்தான், ஆறிப்போனது. "நான் வேணா போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டான். அவள் தலையாட்டி மறுத்தாள்.

மறுநாள் காலையில் ஒரு முகக்கவசத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு தனியாக நெல்லித்தோப்புக்கு நடந்தாள். மணியம்மாள் வீட்டு நிலைவாசலில் தையில் கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்து சருகாகத் தொங்கியது. மணியம்மாள் கோலப்பொடிக் கையோடு திரும்பிப் பார்த்தாள். முகக்கவசத்தையும் மீறி அடையாளம் தெரிந்துவிட்டது.

"அட மாட்டுக்காரம்மா! வாங்க வாங்க. உங்க மாடு வந்த ராசி, மருமவளுக்கு வேல கெடச்சிருச்சு. எங்க, மாடு வரலியா? உள்ள வாங்க, காபி குடிச்சிட்டுப் போலாம்."

"உள்ள வரல. நீங்களும் அங்கயே நில்லுங்க. ஒரு சேதி சொல்லணும்."

சொன்னாள். பொட்டு இருமியது, ஊசி போட்டது, கழுத்து வீங்கியது, டாக்டர் சொன்னது. சுற்றி வளைக்கவில்லை. சொல்லச் சொல்ல மணியம்மாளின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. வீட்டுக்குள் ஒரு குழந்தை அழுதது. மணியம்மாள் உள்ளே திரும்பிப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

"எந்த ஆசுபத்திரிக்குப் போவணும்?"

பாக்யலட்சுமி சொன்னாள். என்ன பரிசோதனை, யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னாள். வசவுக்காகக் காத்திருந்தாள். மணியம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மாடு இப்போ எங்க இருக்கு?"

"எங்க வீட்லதான்" என்றாள் பாக்யலட்சுமி. "வேற எங்க போவும்?"

கேட்டைச் சாத்திவிட்டு, லாஸ்பேட்டை பஸ்ஸுக்காக நடந்தாள்.